தட்டைத் தட்டினால் திடுக்கிடுகிறாளே, அப்புறம் எதற்கு மறுபடி காது டெஸ்ட்?

கேள்வி, 9 ஜூன் 2025

வலங்கைமான் பக்கம். தலைப்பிரசவம், அம்மா வீட்டில் இருக்கிறேன். பாப்பா பிறந்து 38 நாள். ஆஸ்பத்திரியில் காதில் சின்னதாக ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு வலது பாஸ், இடது ரெஃபர் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். பாட்டி எவர்சில்வர் தட்டைத் தட்டினால் பாப்பா திடுக்கிட்டு அழுகிறாள். "நல்லாக் கேக்குற புள்ளைக்கு எதுக்குடி டெஸ்ட்டு? அதுவும் ஒரு காதுதானே" என்கிறார். மாமியார் வீட்டிலும் அதே பேச்சு. பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையத்தான் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 9 ஜூன், இரவு 10.40

போ. கட்டாயம் போ. இந்த வாரமே போ. பாட்டியின் தட்டை நம்பி உட்கார்ந்துவிடாதே. நான் நம்பினேன். மீதியைக் காலையில் எழுதுகிறேன், பிள்ளைகள் இன்னும் தூங்கவில்லை.

10 ஜூன், காலை 5.50

என் மகளும் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பினாள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. மகள் பிறந்தது 2016 செப்டம்பர். என் அம்மா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தாம்பாளத்தில் கரண்டியால் தட்டுவார். அவள் திரும்புவாள். எல்லோருக்கும் சந்தோஷம். தாம்பாளம் சிமெண்டுத் தரையில் இருந்தது, அவளும் அதே தரையில் உட்கார்ந்திருந்தாள், அதிர்வு தரை வழியாகவே அவள் காலுக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கதவை அறைந்தால் காற்று முகத்தில் படும், கை தட்டினால் நிழல் ஆடும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் கண்ணும் தோலும் அவ்வளவு கூர்மையாக வேலை செய்யும்.

அவள் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவாள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பின்னால் யோசித்துப் பார்த்தேன். வண்டிச் சத்தம் கேட்டு நான் வாசலைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். அப்புறம் ஓடுவாள்.

இரண்டு வயது வரை இப்படியே போனது. பேச்சு வரவில்லை. "அவ அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்றார் மாமியார். ஆறு மாதத்துக்குள் "ங்கா", "ஊ" என்றெல்லாம் அவள் சத்தம் போட்டாள், பிறகு அது குறைந்துகொண்டே வந்தது. காது கேட்காத குழந்தையும் முதலில் மழலைச் சத்தம் போடும், தன் குரலைத் தானே கேட்க முடியாததால் அப்புறம் மெல்ல ஓய்ந்துவிடும். இதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 15 ராத்திரி. தளம் போட்ட பக்கத்து வீட்டில் நாங்கள் பதினான்கு பேர் ஒரே அறையில். வெளியே தென்னை ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். பெரியவர்கள் யாரும் கண் மூடவில்லை. என் மகள் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள். "புண்ணியவதி, பயமே இல்ல" என்றார்கள். நானும் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மின்சாரம் போய்விட்டது, திரும்பி வர வாரக்கணக்கு ஆனது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ராத்திரி அவள் விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். கும்மிருட்டு. ஒரு முழம் தள்ளித்தான் நான் படுத்திருந்தேன். "அம்மா இங்கதான்டா இருக்கேன், அம்மா இருக்கேன்" என்றேன். எந்தக் குழந்தையும் அந்தக் குரலுக்கு அடங்கும். அவள் இன்னும் அதிகமாகக் கத்தினாள். போனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. டார்ச்சைப் போட்டு என் முகத்தில் காட்டினேன். உடனே அழுகை நின்றது. டார்ச்சை அணைத்தேன், அழுதாள். போட்டேன், நிறுத்தினாள். மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்தேன். வீட்டுக்காரர் எழுந்து "இருக்குற சார்ஜையும் ஏன் தீத்துடுற?" என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

10 ஜூன், மதியம்

காலையில் எழுத மறந்தது ஒன்று. 2019 ஜனவரியில் தஞ்சாவூரில் பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பது) எடுத்து, இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று சொன்னபோது, "பிறந்தப்போ டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் சொன்னோம். வீட்டுக்கு வந்து பிரசவ ஃபைலைப் புரட்டினேன். டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் பின்னால் ஒரு சின்னச் சீட்டைப் பின் பண்ணியிருந்தது. ஏ.டி.எம்மில் வருமே, அந்த மாதிரி வழுவழுப்பான தாள். எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தேதியும், இரண்டு காதுக்கும் நேரே ரெஃபர் என்பதும் லேசாகத் தெரிந்தது.

டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள், யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பேரை எழுத மாட்டேன். ஆனால் அந்தத் தாள் வெளுத்துப்போன இரண்டு வருஷம் எங்களுக்குத் திரும்ப வராது.

தங்கச்சி, உன் கையில் இருக்கும் சீட்டை இப்போதே போட்டோ எடுத்து வை.

11 ஜூன்

உன் பதில் பார்த்தேன். "அக்கா, ரெஃபர்னா காது கேக்காதுன்னு அர்த்தமா? ராத்திரியெல்லாம் அழுதேன்." தப்பு என் மேல்தான். என் கதையைக் கொட்டிவிட்டு உனக்கு வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன்.

ரெஃபர் என்றால் "இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்பதுதான். பிறந்த இரண்டு மூன்று நாளில் காதுக்குள் பனிக்குடத் தண்ணீரோ, மேலெல்லாம் பூசியிருக்குமே அந்த வெள்ளை மாவோ மிச்சமிருந்தால் ரெஃபர் என்று வரும். குழந்தை அசைந்தால் வரும், வார்டு சத்தமாக இருந்தால் வரும். முதல் டெஸ்ட்டில் ரெஃபர் ஆன குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மறு டெஸ்ட்டில் காது நன்றாகத்தான் இருக்கும். பிறவியில் காது கேளாமை ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். உன் பாப்பா அந்தச் சிலரில் ஒருத்தியா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

அந்த மிஷின் என்ன செய்கிறது என்று என் மகளின் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், ஒருமுறை பொறுமையாகச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய மயிர்ச்செல்கள். சத்தம் உள்ளே போனால் அவை ஆடி, பதிலுக்குத் தாங்களே ஒரு சின்னச் சத்தத்தை வெளியே அனுப்பும். 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் அதை அளந்து காட்டினார். காது கேட்க மட்டும் செய்யவில்லை, திருப்பி ஒலிக்கவும் செய்கிறது. ஓ.ஏ.இ என்கிற டெஸ்ட் அந்தப் பதில் சத்தத்தைத்தான் பிடிக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை. பால் குடித்துவிட்டுத் தூங்குகிற குழந்தைக்குச் சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

1, 3, 6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று உறுதி, குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் வைத்தியம் தொடங்கியிருக்க வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் கொலராடோவில் செய்த ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் மொழியில் மற்றவர்களைவிட நன்றாக முன்னே இருந்தார்கள். எங்களுக்கு 28 மாதம் ஆனது. உனக்கு இன்னும் இரண்டு மாதம் முடியவில்லை.

12 ஜூன்

மன்னார்குடி அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சும்மா பயமுறுத்தாதீங்கம்மா. எங்க வீட்டுல எல்லாப் பயலும் மூணு வயசுக்கு மேலதான் பேசினோம். யாருக்கும் காதுல கோளாறு இல்லை."

அண்ணே, உங்கள் வீட்டில் அப்படி இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் தாமதமாகப் பேசுகிற குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதை. பார்த்துவிட்டு, காது சரி என்று தெரிந்தால், அப்புறம் தாராளமாகக் காத்திருங்கள். பார்க்காமலே காத்திருந்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காது கேட்காது என்றால் சுத்தமாக எதுவுமே கேட்காது என்று நாம் நினைக்கிறோம். பாதிக் குறை உள்ள குழந்தைகள்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறார்கள். தாழ்ந்த சுருதி கேட்கும், உயர்ந்த சுருதி கேட்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் கேட்கும், போர் மோட்டார் கேட்கும், தவில் கேட்கும். "பால்" என்று கூப்பிட்டால் "ஆ" மட்டும் கேட்கும். பால், கால், சால் மூன்றும் அந்தக் குழந்தைக்கு ஒன்றுதான். உயிரெழுத்தில் பலம் இருக்கிறது, மெய்யெழுத்துத்தான் மெலிசு, காதில் விழாமல் போகிறது. கூப்பிட்டால் திரும்புகிறான், சொன்னதைச் செய்ய மாட்டேன் என்கிறான், பிடிவாதக்காரன் என்று அடி வாங்குவதும் இந்தக் குழந்தைகள்தான்.

பால்வாடி, பள்ளிக்கூடம் போகிற வயதில் வருவது வேறு. அடிக்கடி சளி பிடித்து, நடுக்காதில் கோந்து மாதிரி நீர் தேங்கி, மாதக்கணக்கில் மந்தமாகிவிடும். டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள், எதற்கெடுத்தாலும் "ஆங்?" என்பார்கள். வைத்தியத்தில் சரியாகிற சங்கதி, பார்த்தால்தானே தெரியும்.

14 ஜூன்

இரண்டு திருத்தம்.

நேற்று ஒருவர் தனியாகக் கேட்டதற்கு, "மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்த குழந்தைகளுக்கெல்லாம் காது போகும் வாய்ப்பு உண்டு" என்று எழுதிவிட்டேன். அதை அவர் இங்கே போட, நாலு பேர் பதறிப்போனார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். லைட்டில் இரண்டு நாள் வைப்பது இங்கே நிறையக் குழந்தைகளுக்கு நடப்பதுதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். காமாலை எல்லை மீறி ஏறி, ரத்தத்தையே மாற்றுகிற அளவுக்குப் போன குழந்தைகளைத்தான் தவறாமல் பார்க்க வேண்டும்.

இரண்டாவது. ஓ.ஏ.இ பாஸ் என்றால் கவலையே இல்லை என்றும் அவரிடம் சொல்லியிருந்தேன். அதுவும் முழுசாகச் சரியில்லை. ஓ.ஏ.இ உள்காது வரைக்கும்தான் பார்க்கிறது. உள்காது நன்றாக வேலை செய்து, அங்கிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கோளாறு இருந்தால் அது பாஸ் என்றே காட்டும். அதனால் இன்குபேட்டரில், ஐ.சி.யூவில் பல நாள் இருந்த குழந்தை, ரொம்ப எடை குறைவாகப் பிறந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசி நாள் கணக்கில் போட்ட குழந்தை, இவர்களுக்கெல்லாம் பெராவும் பார்க்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன வில்லை ஒட்டி, சத்தத்துக்கு நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள்.

கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தாலும் குழந்தையின் காதைத் தாக்கும். ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடுகிற தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தவற விடாதீர்கள், நாளைக்கு அவர்கள் பெற்றுக்கொள்ளப் போகிற குழந்தைக்கும் சேர்த்துத்தான் அது.

17 ஜூன்

"சொந்தத்தில் கட்டியதால்தானா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே பேசி வைத்துவிட்டார்கள். மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்த அன்று என் மாமியார், அதாவது என் அத்தை, அடுப்படியில் உட்கார்ந்து "நான் கேட்டு வாங்குன சம்பந்தம், நானே வெஷம் வெச்சுட்டேன்" என்று அழுதார். அவரைத் தேற்றுவதா என்னைத் தேற்றிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

டாக்டர் சொன்னது இதுதான். பிறவிக் காது கேளாமையில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. கனெக்சின் 26 என்று ஒரு மரபணு, நம் நாட்டிலும் அதில் குறை உள்ளவர்கள் நிறைய. அம்மாவிடம் ஒரு குறைப்பிரதி, அப்பாவிடம் ஒரு குறைப்பிரதி இருக்கும், இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்துவிட்டால் கேட்காது. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பேரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நன்றாகக் காது கேட்கிற அப்பா அம்மாவுக்குத்தான் பிறக்கிறார்கள்.

நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசி ஒரு பலனும் இல்லை. சொந்தத்தில் கட்டியிருந்தால் குழந்தையின் காதை மறக்காமல் பாருங்கள். 2021-இல் மகன் பிறந்தபோது இரண்டாம் நாளே டெஸ்ட், பாஸ். அக்காவுக்கு இப்படி இருப்பதால் அதோடு விடாமல் மூன்று வயது வரை திரும்பத் திரும்பக் கூட்டிப்போனோம். சில பேருக்குப் பிறக்கும்போது நன்றாக இருந்து பின்னால் குறையும்.

17 ஜூன், இரவு

காதில் எண்ணெய் விடலாமா, தாய்ப்பால் விடலாமா, வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா என்று கேட்டவர்களுக்கு: காதுக்குள் எதுவும் விடாதீர்கள். வசம்பு வேண்டாம். கூத்தனூருக்குப் போங்கள், நாங்களும் போனோம், சரஸ்வதி முன்னால் உட்கார்ந்து அழுதேன், மனசுக்கு இதமாக இருந்தது. டெஸ்ட்டை முடித்துவிட்டுப் போங்கள்.

21 ஜூன்

குத்தாலம் பக்கம் தவில்காரர் வீட்டு மருமகள் கேட்டது வேறு விஷயம், ஆனால் நல்ல கேள்வி. "எங்க வீட்டுல காலையும் மாலையும் சாதகம். நாலு மாசக் குழந்தை அதே கூடத்துலதான் தூங்குது. தூங்கிப் பழகிடுச்சு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது, தங்கச்சி. பழகுவது குழந்தையின் தூக்கம்தான், காதுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. அதிகச் சத்தம் அந்த மயிர்ச்செல்களை அழித்துவிடும், அழிந்தது மறுபடி முளைக்காது. சாதகம் நடக்கும்போது கடைசி அறைக்கோ, கொல்லைப்பக்கமோ கொண்டுபோய்விடு. மாமனாரிடம் பக்குவமாகச் சொல். காதின் அருமை தெரிந்த குடும்பம், நிச்சயம் கேட்பார். கோவில் திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு நேரே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்காதே. வெடிக்கும் அதேதான்.

26 ஜூன்

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் நாற்றங்காலில். இன்று கொஞ்சம் நேரம் இருக்கிறது, செலவு பற்றிக் கேட்டதற்கு எழுதுகிறேன்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷன் உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது 2025-இல் உள்ள வரம்பு. எங்களுக்கு அந்தத் திட்டத்தில்தான் நடந்தது. இல்லாவிட்டால் நிலத்தை விற்றிருக்க வேண்டும், அதுவும் போதாது. முதலில் சில மாதம் காது மிஷின் போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 2019 ஆகஸ்டில் ஆபரேஷன். மூன்று வயது முடிய ஒரு மாதம் இருந்தது. உள்ளே நத்தைக்குள் மெல்லிய மின்கம்பியை நுழைத்துவிடுகிறார்கள். வெளியே காதின் மேல் ஒரு மிஷின், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் சத்தத்தைத் திறந்துவிட்டார்கள். முதல் சத்தம் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. பயந்து, முகம் கோணி, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று உள்ளே வருகிறது, என்னவென்று தெரியவில்லை அவளுக்கு.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது. வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் பஸ், மன்னார்குடி வழி, இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு தெரபிக்குப் போய்வந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். தினமும் காலையில் ஒரு பயிற்சி. என் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு சத்தம் சொல்ல வேண்டும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். லிங் டெஸ்ட் என்பார்கள், பேச்சில் உள்ள தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை இந்த ஆறுக்குள் வந்துவிடும். சத்தம் கேட்டால் அவள் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். ம் சொன்னால் டக்கென்று போட்டுவிடுவாள். ஸ் சொன்னால் கொட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி உருட்டி என்னைப் பார்ப்பாள். என் மூச்சைக் கவனிக்கிறாளோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். எத்தனையோ நாள் அந்தக் கொட்டை கையிலேயே இருந்தது. ஒருநாள் காலை விழுந்தது. டம்ளரில் "டங்" என்று சத்தம் வந்ததும் அதுவும் கேட்டு அவள் டம்ளரைக் குனிந்து பார்த்தாள்.

2020-இல் ஊரடங்கு வந்து பஸ் நின்றது. போனில் வீடியோவில் தெரபி. எல்லோரும் மாஸ்க் போட்டதில் வாயசைவு பார்த்துப் புரிந்துகொள்வதும் போயிற்று. கஷ்டப்பட்டுத்தான் வந்தோம். பள்ளிக்கு ஒரு வருஷம் தாமதமாகச் சேர்த்தோம், இப்போது மூன்றாம் வகுப்பு. தெரபி மேடம் நாக்கை மடக்க வைத்து, கண்ணாடி முன்னால் நிறுத்தி ழகரம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கு வாழைப்பழம் என்று சுத்தமாகச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான், நாங்கள் சொன்னால் திருத்துகிறாள். திட்டினால் வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப திட்டு" என்கிறாள்.

28 ஜூன்

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரும் அவர் மனைவியும் காது கேளாதவர்கள், மகளும் அப்படியே. "எங்கள் வீட்டில் மூன்று பேரும் கையால் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், கதை சொல்கிறோம். எங்கள் மகளுக்கு மொழி தாமதமாகவில்லை. நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் ஆபரேஷன் இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்பதுபோல் இருக்கிறது."

அவர் சொன்னது சரி. நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எங்களுக்கு அந்த ஒரு வழிதான் யாரோ காட்டினார்கள், அதனால் அது ஒன்றுதான் வழி என்று எழுதிவிட்டேன். சைகை மொழி முழு மொழி. இரண்டே கால் வயது வரை என் மகளுக்குக் காது வழியாகவும் ஒரு மொழி வரவில்லை, கை வழியாகவும் வரவில்லை. பசி, தூக்கம், வலி எதையும் சொல்ல முடியாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். அன்றைக்கு எனக்குப் பத்துச் சைகை தெரிந்திருந்தால்கூட அவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டாள். முன்கூட்டியே டெஸ்ட் எடுத்தால் எந்த வழி என்று நிதானமாக முடிவு செய்ய நேரம் கிடைக்கும். அவர் மகளுக்குப் பிறந்த நாளிலிருந்தே மொழி இருந்திருக்கிறது. எங்கள் மகளுக்கு இல்லை.

இப்போது மகளும் நானும் வீடியோ பார்த்துச் சைகை கற்றுக்கொள்கிறோம். குளத்தில் குளிக்கும்போது மிஷினைக் கழற்றிவிடுவாள், அப்போது கரையிலிருந்து கையால்தான் பேச வேண்டும்.

3 ஜூலை

வலங்கைமான் தங்கச்சி போட்டிருக்கிறாள்: மறு டெஸ்ட்டிலும் இடது ரெஃபர். 10-ஆம் தேதி பெராவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி இன்னும் தட்டோடுதான் இருக்கிறாராம்.

பாட்டியிடம் இதைச் சொல்: வலது காது நன்றாக இருந்தால் தட்டுச் சத்தத்துக்கு அது ஒன்றே போதும். குழந்தை திடுக்கிடத்தான் செய்வாள். தட்டு ஒரு நாளும் இடது காதைப் பற்றிச் சொல்லாது.

போகிற அன்று கவனிக்க வேண்டியது. காலையில் தலைக்கு எண்ணெய் வைக்காதே. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வில்லை ஒட்ட வேண்டும், எண்ணெய் இருந்தால் ஒட்டாது. என் அத்தை ஆசையாகத் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தடவி அனுப்பினார், அங்கே பஞ்சால் துடைத்துத் துடைத்து மகளின் நெற்றி சிவந்துவிட்டது. அப்புறம், பஸ்ஸில் தூங்க விடாதே. தூங்கி எழுந்து டெஸ்ட் அறைக்குள் போனால் அங்கே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருப்பாள். ஆழ்ந்து தூங்கினால்தான் டெஸ்ட். ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்றுப் பட வை, காலைத் தடவு. உள்ளே போனதும் வயிறு நிறையப் பால் கொடு. தூங்காவிட்டால் அவர்களே மருந்து கொடுப்பார்கள். வீட்டிலிருந்து எதையும் கொடுத்துக்கொண்டு போகாதே.

4 ஜூலை

வேதாரண்யத்திலிருந்து ஒரு அம்மா, பையனுக்கு மூன்றரை வயது, பதினைந்து வார்த்தைதான், இதுவரை எங்கும் காட்டவில்லை, இப்போது ரொம்பத் தாமதமா என்று கேட்டிருக்கிறார். தாமதம்தான். போகக்கூடாத தாமதம் இல்லை. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்று 2013-இலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. பால்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வருமே, அதுதான். அவர்களிடம் சொன்னால் மாவட்டத்தில் குழந்தைகளின் குறைகளை முன்கூட்டியே பார்த்து உதவுகிற இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் நாளைக்கே கேளுங்கள். அடுத்த குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

11 ஜூலை

அவள் எழுதியிருப்பதை அப்படியே போடுகிறேன்: "அக்கா, வலது நல்லா இருக்காம். இடதுல ஐம்பது டெசிபல்னு சொன்னாங்க. மிஷின் வைக்கலாமா வேண்டாமான்னு அடுத்த மாசம் பேசலாம், வலது காதையும் மூணு மாசத்துக்கு ஒருமுறை பாக்கணும்னாங்க. நான் அழல. பாட்டிதான் தட்டைக் கழுவி உள்ள வெச்சுட்டு பேசாம உக்காந்திருக்காங்க."

தங்கச்சி, ஜூன் 11-ஆம் தேதி நான் "பெரும்பாலோருக்கு நன்றாகத்தான் இருக்கும்" என்று எழுதியது உன் மனசை ஏமாற்றியிருந்தால் மன்னித்துவிடு. அன்றைக்கு உன் அழுகையை நிறுத்தத்தான் அதை முன்னால் வைத்தேன்.

பத்து வாரத்தில் தெரிந்துகொண்டாய். ஐம்பது டெசிபல் என்றால் சத்தம் அவ்வளவு உயர்ந்தால்தான் அந்தக் காதுக்கு எட்டும் என்று அர்த்தம். பேச்சு வரும், பெரும்பாலும் நன்றாகவே வரும், ஒரு காது முழுசாக இருக்கிறது. கஷ்டம் வேறு இடத்தில் வரும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சரியாகத் தெரியாது, அதனால் நடக்கத் தொடங்கியதும் ரோட்டில் கையை விடாதே. கூட்டத்தில், வகுப்பில் பேச்சைப் பிரித்துக் கேட்பது சிரமம். பள்ளியில் சேர்க்கும்போது வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி முன் வரிசையில் இடம் கேட்டு வாங்கு. சளி பிடித்தால் அலட்சியம் வேண்டாம், நல்ல காதும் அடைத்துக்கொண்டால் அவளுக்கு அன்றைக்குச் சரியாகவே கேட்காது. மிஷின் வேண்டும் என்றால் தயங்காமல் வை. காது வளர வளர, மிஷினைக் காதில் பொருத்துகிற அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நம் ஊர் வேர்வைக்கு ராத்திரி அதைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். அதெல்லாம் வரும்போது சொல்கிறேன்.

பாட்டியைத் திட்டாதே. அவருக்கும் ஒரு வேலை கொடு. உன் வலது மார்பில் பால் கொடுக்கும்போது பாப்பாவின் வலது காது மேலே இருக்கும், இடது காது உன் கையில் அழுந்தியிருக்கும். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து அப்போது தாலாட்டுப் பாடச் சொல். மார்பை மாற்றினால் வலது காது கீழே போய்விடும், அப்போதும் பாட்டை நிறுத்த வேண்டாம், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பாடச் சொல்.